சிரிக்காமல் எழும்பியவர்

மார்கழி மாதத்துப் பாரிஸில் பின்னேரம் என்று ஒன்று கிடையாது. மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைப்பதற்குள் இருட்டிவிடும். தவரத்தினம் மார்க்ஸ் டோர்மோய் மெற்றோவிலிருந்து படியேறி வெளியே வந்தபோது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கழுத்துச் சால்வையை வாய்வரை இழுத்து மூடிக்கொண்டு தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பக்கம் நடந்தார். குளிர் அவருக்குப் புதிதில்லை. தொண்டையில் படக்கூடாது, அவ்வளவுதான்.

தொண்டைதான் அவருடைய சொத்து. லாச்சப்பலில் அவர் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், குரல் தெரியாதவர்கள் இல்லை. வாழ்நாள் முழுவதும் உணவகக் குசினிகளில் வெங்காயம் உரித்த மனிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இணைய வானொலியில் ராசாவாக இருந்தார். பிரான்சிலும் லண்டனிலும் ஜெர்மனியிலும் பிறந்த பிள்ளைகள் அவருடைய நிகழ்ச்சிக்குத் தொலைபேசி எடுத்துத் தமிழ் கதைப்பார்கள். பிள்ளையின் நாக்கு எங்கே வழுக்குகிறதோ அங்கே தவரத்தினம் சிரிப்பார். அடிவயிற்றில் கிளம்பி, நடுவில் ஒரு மூச்சு நின்று, பிறகு உடைந்து கொட்டும் சிரிப்பு. சனம் நிகழ்ச்சி கேட்டதே அந்தச் சிரிப்புக்காகத்தான். சில பெடியள் அதை வெட்டியெடுத்துக் கைத்தொலைபேசி மணியாகவும் வைத்திருந்தார்கள்.

நம் சனத்தின் வழக்கம் அப்படி. பிள்ளைக்குத் தமிழ் வரவில்லையே என்று ஊரெல்லாம் போய் அழும். பிள்ளை தமிழில் வாயைத் திறந்தால் விழுந்து விழுந்து சிரிக்கும்.

வழியில் ஒரு பழைய கட்டடத்தின் முன்னால் தவரத்தினத்தின் கால் தானாக நின்றது. நான்காம் மாடியில் ஒரு யன்னலில் வெளிச்சம் தெரிந்தது. அவருடைய மகள் மனோன் அங்கேதான் வாடகை அறை எடுத்து இருக்கிறாள். மேலே ஏறலாம். ஏறினால் என்ன கதைப்பது?

பதின்மூன்று வயதில், அப்பாவின் பிறந்த நாளுக்கு, பக்கத்து அறையிலிருந்து வேறு பெயர் சொல்லி அவருடைய நிகழ்ச்சிக்குத் தொலைபேசி எடுத்தவள் அவள். ஒரு கிழமையாக, ஏழு நாளும், கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிய வாழ்த்து. அவர் குரலை அடையாளம் காணவில்லை. சிரித்தார். ஐரோப்பா முழுவதும் சிரித்தது. அன்றிலிருந்து அவள் அவரோடு தமிழில் ஒரு சொல் பேசியதில்லை, கேட்டதற்குப் பிரெஞ்சில் பதில் வரும், அதோடு சரி. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நல்ல தொலைபேசி ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

யன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்தார்.

ஐங்கரனின் ஸ்டூடியோ ஒரு பலசரக்குக் கடையின் பின்முற்றத்தில், நிலவறையில் இருந்தது. மேலே கருவாடும் கொத்தமல்லியும் மணக்கும். ஒடுங்கிய கல்படியில் இறங்க இறங்க அந்த மணம் விலகி ஈரச் சுவரின் மணம் வரும். ஐங்கரனுக்குத் தொழில் கலியாண வீடும் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கும் செத்த வீடும் படம் பிடிப்பது. கனடாவிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிற உறவுகளுக்காகச் சவ அடக்கத்தை நேரடியாக அனுப்புவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. மிஞ்சிய பணத்தையெல்லாம் சேர்த்து ஒரு முழுநீளப் படம் எடுத்திருந்தான். ஞாயிறு, பாரிஸின் புறநகரான சென் தெனியில் மண்டபம் எடுத்துத் திரையிடப் போகிறான். அதில் ஒருவருக்குக் குரல் கொடுக்கத்தான் தவரத்தினம் வந்திருந்தார்.

“வாங்கோ அண்ணை. தேத்தண்ணி குடிக்கிறியளோ?”

“பிறகு குடிப்பம். ஆர் தம்பி ஆள்?”

ஐங்கரன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “ஜெரமி இராயப்பு.”

தவரத்தினத்துக்கு அந்தப் பெயர் தெரியும். நம் ஆட்கள் எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும், ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. லண்டனுக்குத் தெற்கே குரொய்டனில் பிறந்தவர். தகப்பன் மன்னாரிலிருந்து கணக்குப் படிக்க வந்து அங்கேயே தங்கியவர். வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம், பேசினார்கள். பையன் நாடகப் பள்ளிக்குப் போனான். மேடை, பிறகு தொலைக்காட்சி, பிறகு சினிமா. இந்திய டொக்டர், பாகிஸ்தான் கடைக்காரர், அரபு நாட்டுக் குண்டுவைப்பாளர் என்று எல்லா நாட்டுக்காரனாகவும் நடித்தார். தமிழனாக நடிக்க மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கதாநாயகனின் துப்பாக்கி வெடித்தால் முதலில் விழுகிறவர் ஜெரமியாகத்தான் இருப்பார்.

ஒரேயொரு கப்பல் படத்தில், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிற சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு நின்று கமெராவைப் பார்ப்பார். ஒரு சொல் கிடையாது. அந்தப் பார்வைக்கு விருது கொடுத்தார்கள். அன்றைக்கு லாச்சப்பல் கடைக்காரர்கள் எல்லோரும் ‘எங்கடை பெடியன்’ என்று கொண்டாடினார்கள். அடுத்த வருசமே மறந்தும் போனார்கள்.

“அவர் செத்துப்போனார் எல்லே?” என்றார் தவரத்தினம்.

“ஓம். போன மாதம். இஞ்சை நடிச்சுப்போட்டுப் போய்ச் சில கிழமைக்குள்ளை. லண்டனிலை தனிய இருந்தவர். நித்திரையிலை போயிருக்கிறார். பக்கத்து வீட்டுச் சனம் மணி அடிச்சு அடிச்சுப் பாத்து, கதவை உடைச்சுத்தான் எடுத்தவையாம்.”

“உம்மடை படத்திலை ஏன் வந்து நடிச்சவர்? அவ்வளவு பெரிய ஆள்.”

“அவராத்தான் கேட்டவர் அண்ணை. தாய் சாகேக்கை சொன்னவவாம், எல்லாப் படத்திலையும் சாகிறாய் ராசா, ஒரு படத்திலையாவது எங்கடை பாசையிலை வாயைத் திறந்து கதையன் எண்டு. காசு வேண்டாம், ஒரு வசனம் தாரும் எண்டு கேட்டு வந்தவர். ஒரேயொரு வசனம்.”

தவரத்தினம் மேலங்கியைக் கழற்றிவிட்டு மைக்குக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்து காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டார். காட்சி ஓடியது.

கதை எளிமையானது. மகளைச் சிறுவயதில் விட்டுவிட்டு லண்டனுக்குப் போன தகப்பன், வயதான பிறகு அவளைத் தேடிப் பாரிஸுக்கு வருகிறார். அவள் வீட்டுக் கதவுக்கு முன்னால் நிற்கிறார். கதவு திறக்காது. அதே படிக்கட்டில் செத்துப்போகிறார். திரையில் ஜெரமி ஒரு பழுப்புநிறக் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். நரைத்த தலை, நல்ல உயரம். அந்தக் கை நடுங்குவது நடிப்பா உண்மையா என்று தவரத்தினத்துக்குச் சொல்லத் தெரியவில்லை.

“பில்லை, நான் வண்டிட்டன். கடவைட் டிற.”

தவரத்தினம் சிரித்துவிட்டார்.

வேண்டுமென்று சிரிக்கவில்லை. பழக்கம். அடிவயிற்றில் கிளம்பியது, நடுவில் மூச்சு நின்றது, உடைந்து கொட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் ஐங்கரன் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன தம்பி?”

“அண்டைக்கும் இந்தச் சிரிப்புத்தான் அண்ணை.”

“எண்டைக்கு?”

ஐங்கரன் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மெல்லச் சொன்னான். படப்பிடிப்பு அன்று ஜெரமி இந்த வசனத்தைச் சொன்னதும் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம். ஐங்கரனும் சிரித்தானாம். மறுபடியும் சொல்லச் சொன்னார்கள், மறுபடியும் சிரித்தார்கள். கடைசியில் விளக்குப் பிடித்த பெடியன் ஒருவன் தன் கைத்தொலைபேசியை எடுத்து, ஜெரமி சொல்லி முடித்தவுடன், தவரத்தினத்தின் சிரிப்பைப் போட்டுக் காட்டினானாம். இடமே அதிரச் சிரித்தார்கள். பரவாயில்லை ஐயா, உங்களுக்கு வேறு ஆள் குரல் கொடுக்கும் என்று ஐங்கரன் சமாதானம் சொன்னான். ஜெரமி தலையை ஆட்டினார்.

தவரத்தினத்துக்கு முகம் சுட்டது. தான் கால் வைக்காத இடத்தில் தன் சிரிப்புப் போய் ஒரு மனிதரை அறைந்திருக்கிறது. அறுபது தாண்டிய மனிதர். தாய் கடைசியாகக் கேட்டதற்காக வந்தவர்.

“சரி, போடும். வேலையை முடிப்பம்,” என்றார். வெட்கம் வந்தால் மனிதன் வேலையில்தான் ஒளிந்துகொள்கிறான்.

ஜெரமியின் ஒலியை ஐங்கரன் அணைத்தான். திரையில் உதடு அசைந்தது. தவரத்தினம் சுத்தமாக, அழகாகச் சொன்னார்: “பிள்ளை, நான் வந்திட்டன். கதவைத் திற.” தானே சொல்லக்கூடாது, நன்றாகத்தான் வந்தது. ஐங்கரன் பதிவை ஓடவிட்டான்.

“பில்லை, நான் வண்டிட்டன். கடவைட் டிற.”

“தம்பி, அவரின்ரை சத்தத்தை நிப்பாட்டேல்லை போலை.”

“நிப்பாட்டினனான் அண்ணை.”

“பின்னை?”

ஐங்கரன் குனிந்து பார்த்தான். ஜெரமியின் ஒலி முழுதாக அணைந்திருந்தது. மூலப் பிரதி வேறிடத்தில் இருந்ததால் அவன் அதை இங்கே அழித்தே விட்டான். இன்னொரு தடவை பதிந்தார்கள். இந்த முறை தவரத்தினம் இன்னும் அழுத்திச் சொன்னார், ஒவ்வொரு எழுத்தையும் கொண்டுவந்து நிறுத்தினார்.

திரும்பக் கேட்டபோது அதே குரல். அதே நடுக்கம்.

“இது உங்கடை மைக்கிலை இருந்துதான் அண்ணை வருது,” என்றான் ஐங்கரன். அவன் குரல் இறங்கிவிட்டது.

நிலவறையில் ஒரு மணம் எழும்பியது. ஈரச் சுவரின் மணம் இல்லை. புது மரத்தில் பூசிய மெருகும், வாடத் தொடங்கின வெள்ளைப் பூவும், அணைத்த மெழுகுதிரியும் சேர்ந்த மணம். செத்த வீடுகளில் வருகிற மணம்.

“என்ன மணம் இது?”

“பெட்டி.” ஐங்கரன் மூலைப் பக்கம் திரும்பினான். “சவப்பெட்டி. இஞ்சைதான் வைச்சு எடுத்தனாங்கள், உந்த மூலையிலை. வாடகைப் பெட்டி. அண்டைக்கே திருப்பிக் குடுத்தாச்சு.”

மூலையில் மடித்த கறுப்புத் துணி ஒன்றுதான் கிடந்தது.

“அண்ணை, ஒரு விசயம் இருக்கு. ஆருக்கும் சொல்லேல்லை.”

ஐங்கரன் இளமையில் சென்னையில் அகதியாக இருந்தபோது கோடம்பாக்கத்தில் எடுபிடி வேலை செய்தவன். அங்கே படித்த ஒரு வழக்கத்தை இங்கேயும் விடாமல் வைத்திருந்தான். ஒருவர் சவமாக நடித்தால், காட்சி முடிந்ததும் கமெராவை நிறுத்தக்கூடாது. கமெரா ஓட ஓடவே அவர் எழும்பி, அதை நேராகப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரித்தால் அது நடிப்பு. சிரிக்காவிட்டால் கமெரா பிடித்தது சாவைத்தான் என்பார்கள்.

“எழும்பிச் சிரியுங்கோ ஐயா எண்டு சொன்னனான். கண்ணைத் திறந்தவர். பெட்டிக்குள்ளை படுத்தபடியே எங்களை ஒவ்வொருத்தராப் பாத்தவர். பெடியள் அப்பவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சவங்கள் அண்ணை. அவர் தமிழிலை சொன்னார், அவரின்ரை தமிழிலை: நீங்கள் சிரிச்சு முடியுங்கோ, பிறகு நான் சிரிக்கிறன் எண்டு. சொல்லிப்போட்டு எழும்பி, மேலங்கியைப் போட்டுக்கொண்டு, கார் து நோர் ஸ்ரேசன் பக்கம் நடந்து போட்டார்.”

“நீர் கூப்பிடேல்லையோ?”

“வெக்கம் அண்ணை. எந்த முகத்தோடை கூப்பிடுறது? கமெராவை நிப்பாட்டிப்போட்டன்.”

அவன் அந்தக் காட்சியைப் போட்டான். போடச் சொல்லித் தவரத்தினம் கேட்கவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை.

திறந்த பெட்டி. வெள்ளைத் துணி. நெஞ்சில் கோர்த்த கைகளில் செபமாலை. ஜெரமியின் முகத்தில் மாவு பூசியிருந்தார்கள், உதடு மூடியிருந்தது. நல்ல நடிகர். நெஞ்சு ஏறி இறங்குவது தெரியவேயில்லை.

காட்சி ஓடியது.

ஓடிக்கொண்டே இருந்தது.

“இது இவ்வளவு நீளமில்லை,” என்றான் ஐங்கரன். நிறுத்தும் விசையை அழுத்தினான். படம் நிற்கவில்லை. செபமாலையின் சிலுவையில் ஒரு சின்ன வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது.

தவரத்தினத்தின் காதில் கருவி இன்னும் இருந்தது. அதற்குள் யாரோ மூச்சு விட்டார்கள். மிகப் பக்கத்தில். காது மடலில் குளிர் பட்டது.

“முடிஞ்சுடா?”

தவரத்தினம் அசையவில்லை.

“ஷிரிச்சு முடிஞ்சுடா?”

கருவியைப் பிடுங்கி எறிந்தார். அது மேசையில் விழுந்து கிடந்தபடியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஐங்கரன் சுவரில் இருந்த மின்சாரத்தைப் பிடுங்கினான். திரை இருண்டது. இரண்டு பேரும் இருட்டில், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, மேலே பலசரக்குக் கடையில் யாரோ பெட்டி நகர்த்தும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அந்தச் சாதாரணச் சத்தம் அன்றைக்குப் பெரிய துணையாக இருந்தது.

முற்றத்துக்கு ஏறி வந்த பிறகுதான் தவரத்தினத்துக்குப் பேச்சு வந்தது.

“அவரின்ரை குரலை அப்பிடியே விடும் தம்பி. நான் குடுக்கமாட்டன்.”

“சனம் சிரிக்குமே அண்ணை.”

“சிரிக்காது. படம் துவங்க முன்னம் நான் மேடையிலை ஏறிச் சொல்லுறன்.”

“நீங்கள் இண்டைக்குச் சிரிச்சதும் பதிவாகியிருக்கும். அதை அழிச்சுப்போடுறன்.”

“அழிச்சுப்போடும்,” என்றார் தவரத்தினம். “ஒரு சொட்டு மிச்சம் வையாமல் அழிச்சுப்போடும்.”

திரும்பும்போது மனோனின் யன்னலுக்குக் கீழே நின்று அவளுக்குக் குரல் செய்தி அனுப்பினார். வானொலியில் மணிக்கணக்காகக் கதைக்கிற மனிதருக்கு அந்தச் சின்னச் செய்திக்கு மூன்று தடவை நாக்குத் தடுக்கியது. ஞாயிறு சென் தெனியில் ஒரு படம், வருவியா பிள்ளை, உன்னோடு ஒரு கதை இருக்கிறது. மேலே யன்னலில் ஒரு நிழல் அசைந்தது. பதில் பிரெஞ்சில் வந்தது: ‘ஓன் வெரா.’ பார்ப்போம் என்றாள். இல்லை என்று சொல்லவில்லை. அன்றிரவு தவரத்தினம் மனைவி கோசலைக்கு அதைக் காட்டிக் காட்டிச் சொன்னார். கோசலை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இரண்டு சொல்லையும் நெடுநேரம் பார்த்தாள்.

ஞாயிறு மண்டபம் நிரம்பி வழிந்தது. பக்கத்து ஊரான பியர்ஃபித்திலிருந்தும் சென் தெனியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள், வாசலில் றோல்ஸும் தேநீரும். முன்வரிசையில் கோசலைக்கும் தவரத்தினத்துக்கும் பக்கத்தில் ஒரு கதிரை காலியாக இருந்தது. விளக்கு அணைய முன்னர் மனோன் வந்து அதில் உட்கார்ந்தாள். கழுத்துச் சால்வையைக்கூடக் கழற்றவில்லை.

தவரத்தினம் மேடையில் ஏறினார். வழக்கமாகக் கிடைக்கிற கைதட்டல் கிடைத்தது. அவர் அதை அடங்கவிட்டார்.

“இதிலை ஒரு மனிசர் தமிழ் கதைக்கிறார். எங்களைப்போலை கதைக்கமாட்டார். அது அவரின்ரை பிழையில்லை. அவர் கதைச்சபோது சிரிச்ச சனம் நாங்கள். நானும்தான். நான்தான் முதல் ஆள். எத்தினையோ பிள்ளையளின்ரை வாயை என்ரை சிரிப்பு மூடிப்போட்டுது.” அவர் மகளைப் பார்த்தார். “எனக்கு வெக்கமாயிருக்கு. இண்டைக்கு ஒருத்தரும் சிரியாதையுங்கோ.”

அவர் இறங்கி வந்து உட்கார்ந்தபோது மனோன் அவரைப் பார்க்கவில்லை, ஆனால் அவருடைய முழங்கைக்கு இடம் விட்டாள்.

படம் ஓடியது. அந்தக் கதவு வந்தது. அந்தக் கை வந்தது.

“பில்லை, நான் வண்டிட்டன். கடவைட் டிற.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கோசலை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். மனோனின் கை மெல்ல வந்து தவரத்தினத்தின் கைமேல் இருந்தது. குளிர்ந்த, சின்னக் கை. எத்தனையோ வருசத்துக்குப் பிறகு. தவரத்தினம் மூச்சு விடவும் பயந்து உட்கார்ந்திருந்தார். ஜெரமி ஐயா, மன்னித்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்று மனத்துக்குள் சொன்னார்.

பெட்டி வந்தது.

வெள்ளைத் துணி, செபமாலை, மூடிய உதடு. மண்டபம் முழுவதும் அழுகையை அடக்கிக்கொண்டு இருந்தது.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. மெருகு. வாடின பூ. அணைத்த திரி.

யாரோ சிரித்தார்கள்.

அடிவயிற்றில் கிளம்பி, நடுவில் ஒரு மூச்சு நின்று, உடைந்து கொட்டியது.

தவரத்தினத்தின் வாய் மூடியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆனால் சிரிப்பு அவருடைய கதிரையிலிருந்து வந்தது, அவருடைய சிரிப்பு, லாச்சப்பலுக்கே தெரிந்த சிரிப்பு. மண்டபத்தில் இருந்த அத்தனை முகமும் திரையை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தது. ஐங்கரன் பார்த்தான். கோசலை பார்த்தாள். மனோனின் கை அவர் கையிலிருந்து எழும்பியது.

எல்லோரும் அவரைப் பார்த்ததால், திரையை அவர் ஒருவர்தான் பார்த்தார்.

பெட்டிக்குள் ஜெரமி கண்ணைத் திறந்திருந்தார்.

மெல்ல எழும்பி உட்கார்ந்தார். செபமாலை துணியில் நழுவி விழுந்தது. மாவு பூசிய முகத்தை நேராகத் தவரத்தினத்தின் பக்கம் திருப்பினார். கப்பல் சமையலறையில் நின்று பார்த்த அதே பார்வை. அவர் வாய் திறந்திருந்தது. மண்டபத்தில் கேட்ட சிரிப்பின் ஒவ்வொரு மூச்சுக்கும் அவருடைய உதடுகள் அசைந்தன, கொஞ்சமும் பிசகாமல், தேர்ந்த கலைஞர் குரல் கொடுத்ததுபோலப் பொருந்தி.

“நான் இல்லை,” என்றார் தவரத்தினம். “அங்கை பாருங்கோ. அங்கை, அங்கை!”

அவர்கள் திரும்பியபோது ஜெரமி படுத்திருந்தார். உதடு மூடியிருந்தது.

மனோன் எழுந்து நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். அவரைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, தமிழில் கேட்டாள்.

“அப்பா, ஏன் ஷிரிச்சீங்கள்?”

அவள் போய்விட்டாள். மகளிடமிருந்து ஒரு தமிழ்ச் சொல் வராதா என்று அவர் எத்தனை கோயிலில் வேண்டியிருப்பார். வந்தது இதுதான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது கத்திய வாய் தன்னுடையது. தவரத்தினத்துக்கு அதுவும் இல்லை. ஐங்கரன் பிறகு சத்தியம் பண்ணினான்: அந்தப் பதிவை அன்றைக்கே அழித்துவிட்டேன் அண்ணை, படத்தில் எங்கே தேடியும் சிரிப்பு இல்லை. அவர் நம்பினார். ஊர் நம்பவில்லை. மேடையில் ஏறிச் சிரிக்காதே என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தவர் என்று லாச்சப்பல் கடைவாசல்களில் கதைத்தார்கள். காறித் துப்பினாலும் தகும் என்று அவருக்கே தோன்றியது. வானொலிக்கு இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பகிடி கேட்டால் உதடு விரியும், வயிற்றில் ஒன்றும் கிளம்பாது. அது அவரிடம் இல்லை.

ஒரு கிழமை கழித்து, பின்னேரம், மனோனின் கட்டடத்துக்குள் நுழைந்தார். இந்த முறை யன்னலுக்குக் கீழே நிற்கவில்லை. மரப்படி ஒவ்வொன்றும் முனகியது. நான்காம் மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவளுடைய கதவு பழுப்புநிறம். அதை அவர் அதுவரை கவனித்ததில்லை. மணியை அடித்துவிட்டு, கதவில் உள்ளங்கையை வைத்தார். கை நடுங்கியது.

உள்ளே காலடி கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. அவள் துளைவழியாகப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

சொல்ல எத்தனையோ யோசித்துக்கொண்டு வந்திருந்தார். எல்லாம் மறந்துபோயிற்று. வாயில் வந்தது ஒன்றுதான்.

“பிள்ளை, நான் வந்திட்டன். கதவைத் திற.”

பிறகு உள்ளே சாவி திரும்பியது. ஒரு சுற்று.

படிக்கட்டு விளக்கு, அதற்கென்று வைத்த நேரம் முடிந்து, தானாக அணைந்தது.

இருட்டில், அவருக்குப் பின்னால், இரண்டு படி கீழே, புது மரத்து மெருகு மணத்தது.

தவரத்தினம் இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டார். “வேண்டாம் ஐயா,” என்று விரல்களுக்குள்ளே கெஞ்சினார். “இண்டைக்கு மட்டும் வேண்டாம்.”

அடிவயிற்றில் கிளம்பி, நடுவில் ஒரு மூச்சு நின்றது.

அந்த ஒரு மூச்சு நேரம் கதவும் அவரும் அசையாமல் நின்றார்கள்.

பிறகு அவருக்குப் பின்னாலிருந்து அவருடைய சிரிப்பு உடைந்து, படிக்கட்டு முழுவதும் கொட்டியது. உள்ளே சாவி மறுபடியும் திரும்பிப் பூட்டிக்கொண்டது.